சண்டைப் படம் நோம்பிப் படமான கதை

சேலம் மாவட்டத்து மேச்சேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவரிடம், “சண்டைப் படம் பண்டிகைப் படம் ஆகுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “சண்டை இல்லாம நோம்பிக்கு என்னங்க படம்?” என்றுதான் பதில் வரும். தறி ஓட்டும் பெரியவரானாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பையனானாலும் சரி, இதில் யோசிக்க ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றாது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. 1988இல் வந்த ‘டை ஹார்ட்’ கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று டிசம்பர்தோறும் அங்கே வாக்குவாதம் நடக்கிறது. ஜான் மெக்டியர்னன் இயக்கிய படம் அது. நியூயார்க் போலீஸ்காரர் ஒருவர், பிரிந்து வாழும் மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லாஸ் ஏஞ்சலஸில் வந்து இறங்குகிறார். மனைவி வேலை பார்க்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் அன்று அலுவலக விருந்து. துப்பாக்கிக் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து எல்லோரையும் பிணையாகப் பிடித்துக்கொள்கிறது. காலில் செருப்புகூட இல்லாமல் அந்த ஒற்றை ஆள் கும்பலை எதிர்த்து நிற்கிறார். ரோடரிக் தார்ப் 1979இல் எழுதிய நாவல்தான் மூலம்; நாவலிலும் அதே இரவுதான். ஆனால் படம் திரைக்கு வந்தது கோடைகாலமான ஜூலையில். நாயகனாக நடித்த புரூஸ் வில்லிஸே 2018இல் ஒரு மேடையில் இது கிறிஸ்துமஸ் படமில்லை என்று சொல்லிவிட்டார். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா, கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறார்.

அந்த வாதத்தில் இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. பண்டிகை கதைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு அளவு. மரம் இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா, குடும்பம் ஒன்று சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் ஊரில் யாரும் அப்படி அளந்ததில்லை. எந்த நாளில் படப்பெட்டி வந்தது என்பதுதான் இங்கே கணக்கு.

இதற்கு நல்ல சாட்சி நம்மிடமே இருக்கிறது. 2007இல் ஜெயம் ரவியும் பாவனாவும் நடித்து, எழில் இயக்கத்தில் ‘தீபாவளி’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. வெளியான நாள் பிப்ரவரி 9. அதை எவரும் தீபாவளிப் படம் என்று சொன்னதில்லை. 1964இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘நவராத்திரி’ சிவாஜிக்கு நூறாவது படம். ஒன்பது இரவு, ஒன்பது வேடம். அது வந்தது நவராத்திரிக்கு அல்ல, நவம்பர் 3ஆம் தேதி, தீபாவளிக்கு. அதே நாளில் சிவாஜியின் ‘முரடன் முத்து’வும் எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’யும் வந்தன. மூன்றுமே தீபாவளிப் படங்கள்தான். மணிரத்னத்தின் ‘தளபதி’ போகிப் பண்டிகையில் தொடங்குகிறது. அந்த நாளில் பெற்ற பிள்ளையை ஓர் இளம்பெண் கூட்ஸ் வண்டியில் விட்டுவிடுகிறாள். கதைக்குள் பார்த்தால் அது பொங்கலுக்குப் பக்கத்துப் படம். ஆனால் 1991 நவம்பர் 5 தீபாவளிக்கு வந்ததால் இன்றுவரை அது தீபாவளிப் படம்.

இன்னும் ஒன்று. ஸ்ரீராம் ராகவன் தமிழிலும் இந்தியிலும் ஒருசேர எடுத்த ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ பம்பாயில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நடக்கும் மர்மக் கதை. விஜய் சேதுபதி நாயகன். டிசம்பரில் வருவதாக இருந்து, தள்ளிப்போய், 2024 ஜனவரி 12 அன்று ‘கேப்டன் மில்லர்’, ‘அயலான்’ படங்களோடு சேர்ந்து வந்தது. தலைப்பில் கிறிஸ்துமஸ், கதையில் கிறிஸ்துமஸ், ஆனால் தமிழ்நாட்டுச் சுவரொட்டியில் அது பொங்கல் வெளியீடு. அமெரிக்கக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் குழம்பிப் போவார். நமக்கு அதில் குழப்பமே இல்லை.

இந்த அளவுகோல் எப்படிப் பிறந்தது என்று தேடினால், படத்துக்குள் தேடிப் பயனில்லை. தீபாவளி நாள் எப்படிக் கழிகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

மேச்சேரிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊர்ப் பெயரில் ஓர் ஆட்டினமே உண்டு. பழுப்பு நிறம், குட்டை முடி, உறுதியான தோல். கறிக்கும் தோலுக்கும் பேர்போன செம்மறி. அதற்கென்று பொட்டனேரியில் அரசு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின சந்தையில் ஆட்டுக்காரர்கள் கை ஓயாது. நோம்பியன்று விடிவதற்கு முன் நல்லெண்ணெய்க் குளியல், மஞ்சள் தொட்டு வைத்த புதுத்துணி, இருட்டிலேயே முதல் சரவெடி, பொழுது கிளம்பியதும் இட்லியும் கறிக்குழம்பும். எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். பொங்கலைப் போல அடுத்தடுத்த நாள் சடங்கு இல்லை. காணும் பொங்கலைப் போல ஊர்கூடும் இடமும் இல்லை. கையில் காசு இருக்கிறது, உடம்பில் புதுத்துணி இருக்கிறது, முழுப்பகல் வெறுமையாகக் கிடக்கிறது. மாமனார் வீட்டுக்குத் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை மதியத்துக்கு மேல் என்ன செய்வது? மச்சினன் அவரை மேட்டூருக்கோ சேலத்துக்கோ படத்துக்குக் கூட்டிப் போனான். அந்த வெற்றுப் பகலில்தான் தீபாவளிப் படம் முளைத்தது.

மேற்கு நாடுகளின் கிறிஸ்துமஸ் வேறு வகை. அங்கே குளிர்காலம். குடும்பம் வீட்டுக்குள் கூடுகிறது. ஆகவே கிறிஸ்துமஸ் படம் வீட்டுக் கூடத்தில் பார்க்கிற படமாகத்தான் வளர்ந்தது. ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் வந்தபோது பெரிய வெற்றி பெறவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த படம் என்பதால் டிசம்பர்தோறும் போட்டுத் தள்ளினார்கள். அப்படித்தான் அது அந்நாட்டின் தலையாய கிறிஸ்துமஸ் படம் ஆனது. ‘டை ஹார்ட்’டும் அதே வழியில், வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்துக் கிறிஸ்துமஸுக்குள் நுழைந்த படம்தான். அவர்களுடையது வீட்டுக்குள் அழைத்த படம். நம்முடையது வீட்டைவிட்டு வெளியே இழுத்த படம்.

வெளியே வர நேரம் மட்டும் போதாது, பணம் வேண்டும். மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின் அதன் நிழலில் ரசாயன ஆலை வந்தது, பிறகு அலுமினிய ஆலை, பிறகு அனல்மின் நிலையம். பொட்டனேரியிலேயே இன்று பெரிய இரும்பாலை ஓடுகிறது. மேச்சேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் என்று சுற்றிலும் தறிச் சத்தம். 1965இல் வந்த போனஸ் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வைத்த குறைந்தபட்ச அளவு பிற்பாடு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதமானது, அதாவது ஒரு மாதச் சம்பளம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மார்ச்சில் கணக்கை முடிக்கிறவருக்கு அந்தக் கெடு நவம்பர் கடைசி. தீபாவளியோ ஐப்பசியில். இரண்டும் தாமாகவே ஒன்று சேர்ந்துகொண்டன. தறிப்பட்டறைகளிலும் தீபாவளிக்கு முன்பே போனஸ் பேசி முடிக்க வேண்டும் என்பது எழுதாத வழக்கு. ஆண்டில் ஒரே ஒரு தடவை, கூலிக்கு வேலை செய்கிற மனிதரின் கையில் செலவு போக மிஞ்சும் பணம் அந்த வாரத்தில்தான் புழங்கியது. துணிக்கடைக்காரர் அதை அறிந்திருந்தார், பட்டாசுக் கடைக்காரர் அறிந்திருந்தார், படம் எடுத்தவரும் அறிந்திருந்தார்.

ஆனால் சட்டத்துக்கு முன்பே வழக்கம் வந்துவிட்டது. அந்த வழக்கத்துக்கு முத்திரை வைத்தது ‘ஹரிதாஸ்’. 1944 அக்டோபர் 16, தீபாவளி. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிப்பு, கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம், சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கம். சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளியைக் கண்டது. போர்க்காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டிருந்தது. வரும் படங்களே குறைவு, ஆகவே வந்த படம் நின்று ஓடியது. படம் வந்து சில வாரங்களில் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போனார். நடிகர் சிறையில், படம் கொட்டகையில், தீபாவளிக்குத் தீபாவளி கூட்டம். பட ஓட்டத்தை வாரக்கணக்கில் சொல்வதோடு நிற்காமல் தீபாவளிக் கணக்கிலும் சொல்லலாம் என்று தமிழர்கள் அந்தப் படத்தில்தான் கற்றுக்கொண்டார்கள்.

‘ஹரிதாஸ்’ சண்டைப் படம் இல்லை. பெற்றோரை உதறிய மகன் திருந்திப் பக்தனாகும் கதை. அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால், தீபாவளிப் படம் பக்திப் படமாகவே நிலைத்திருக்க வேண்டும். அப்படி நிலைக்காமல் போனதற்கு எட்டு ஆண்டு கழித்து வந்த படம் ஒரு காரணம்.

1952 அக்டோபர் 17, தீபாவளி. ‘பராசக்தி’. சிவாஜிக்கு முதல் படம், மு.கருணாநிதியின் வசனம். தீபாவளியைத் தமிழர் கொண்டாடலாமா, நரகாசுரன் யார், அவனைக் கொன்றதைக் கொண்டாடலாமா என்று பெரியார் இயக்கம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த இயக்கத்தில் வளர்ந்த எழுத்தாளரின் படம், கோயிலுக்குள்ளேயே பூசாரியைக் கேள்வி கேட்கும் படம், தீபாவளியன்று வெளியாகித் தீபாவளிப் படமாகவே வரலாற்றில் நின்றது. இதற்கு மேல் வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. பண்டிகைக்கு எதிர்த்தரப்பில் இருந்து வந்த படமே பண்டிகைப் படமாக முடியும் என்றால், கதைக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? கதவு அன்றே திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக வாளோடு நுழைந்தவர்கள் சேலத்துக்காரர்கள்.

கருணாநிதி ‘பராசக்தி’க்குப் போவதற்கு முன் சேலத்தில் இருந்தவர். அவர் வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தில் துணித் தொழில் படித்துத் திரும்பியவர். 1935இல் ஏற்காடு மலையடிவாரத்தில் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. மாதச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து, ஆலை நடத்துவது போலக் கட்டுப்பாடாகப் படம் எடுத்தார் சுந்தரம். நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த இடத்தில் இன்று நுழைவு வளைவுதான் மிஞ்சியிருக்கிறது.

சென்னை முதலாளிகள் புராணத்தையும் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டிருந்த வேளையில் சுந்தரம் வாள்வீச்சு, குதிரை, கொள்ளைக்காரர், மலை உச்சி என்று போனார். எம்.ஜி.ஆரின் ஆரம்பகால வாள்சண்டைப் படங்களில் ‘மந்திரி குமாரி’யும் ‘சர்வாதிகாரி’யும் சேலத்தில் பிறந்தவை. பெரிய மாற்றம் 1956இல் வந்தது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலரில் எடுத்தது. எம்.ஜி.ஆர், பானுமதி. சுந்தரமே இயக்கினார். பாக்தாத் நகரம், திருடர் குகை, எண்ணெய்ப் பீப்பாய். இதில் கரும்பும் இல்லை, பானையும் இல்லை, சூரியனைக் கும்பிடுவோரும் இல்லை. வந்த நாள் ஜனவரி 14, தைப்பொங்கல். அரபுக் கதையைப் பொங்கலுக்கு விடலாமா என்று சேலத்தில் யாரும் கேட்கவில்லை. வண்ணத்தில் சண்டை வந்திருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. பண்டிகைக்குச் சண்டைப் படம் என்ற உறுதி தமிழ்நாட்டில் எந்த நாளில் பிறந்தது என்று என்னிடம் கேட்டால், அந்தப் பொங்கல் நாளைத்தான் சொல்வேன். நம் மாவட்டத்துக்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும்.

பிறகு வழி தெளிவாகிவிட்டது. 1964 பொங்கலுக்குச் சின்னப்பா தேவர் எம்.ஜி.ஆருக்குக் கௌபாய் உடுப்பு மாட்டி ‘வேட்டைக்காரன்’ எடுத்தார். அதே நாளில் பந்துலுவின் ‘கர்ணன்’ மகாபாரதப் போரையே திரையில் விரித்தது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். மறுநாள் தேவரின் ‘தாய்க்குத் தலைமகன்’ பொங்கலுக்குத் திரையேறியது. சுந்தரம் 1963இல் மறைந்தபின் அவர் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்து ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ என்று துப்பறியும் சண்டைப் படங்களைத் தொடர்ந்தார்.

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரிப்பார்கள். சேலம் தனி ஏரியா. சேலம், தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி இதில் அடங்கும். சென்னையில் ஒரு படம் எப்படிப் போகிறது என்பது வேறு, சேலம் ஏரியாவில் எப்படிப் போகிறது என்பது வேறு. பெரிய நகரம் ஏ சென்டர், தாலுகா ஊர் பி சென்டர், மேச்சேரி மாதிரி ஊர்கள் சி சென்டர். பிரிண்ட் கணக்கு குறைவாக இருந்த காலத்தில் தீபாவளிக்குச் சேலத்தில் வந்த பெட்டி கிராமத்து டூரிங் கொட்டாய்க்கு வந்துசேர மாதங்கள் ஆகும். கீற்றுக் கொட்டாய், மணல் தரை, ரீல் மாற்றும் இடைவேளைகள். அவ்வளவு நாள் கழித்து வந்த படத்தையும் “தீவாளிப் படம் வந்திருச்சு” என்றே சொன்னார்கள். சேலத்துத் தீபாவளி மார்கழியிலும் தையிலும் சி சென்டருக்கு மறுபடி ஒரு தடவை வந்தது. அப்படிப்பட்ட கொட்டாயில் நின்று ஓடியது சண்டைப் படம்தான். விசில் சத்தத்தில் வசனம் கேட்காமல் போனாலும் சண்டை புரியும். பாதியில் உள்ளே வந்தவருக்கும் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தெரிந்துவிடும். வசூல் எங்கே உறுதி என்று விநியோகஸ்தர் பார்த்தார், அந்த வகைப் படத்துக்கே முன்பணம் கொடுத்தார், அதையே எடுத்தார்கள். பண்டிகைக்குச் சண்டைப் படம் என்பதை மேதைகள் யாரும் திட்டமிடவில்லை. தரை டிக்கெட்டுக்காரரின் விருப்பம் மேலே ஏறிப் போய்ச் சென்னையில் முடிவாக மாறியது.

இதற்கு இன்னொரு ஆழமான காரணமும் உண்டு என்று நான் நம்புகிறேன். கிறிஸ்துமஸ் ஒரு குழந்தை பிறந்த நாள், சமாதானத்தின் பண்டிகை. அங்கே துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்தால் உறுத்தத்தான் செய்யும், வாக்குவாதம் வரத்தான் செய்யும். தமிழ்நாட்டுத் தீபாவளி நரக சதுர்த்தசி. அதன் கதையே கிருஷ்ணனும் சத்தியபாமாவும் நரகாசுரனோடு போரிட்டு அவனை வீழ்த்தியது. பண்டிகையே ஒரு சண்டைக் கதையின் முடிவு. எண்ணெய்க் குளியலும் வெடியும் அந்த வெற்றிக்குத்தான். மேச்சேரியில் ஊரைக் காப்பவள் பத்ரகாளி. அசுரனை அழித்தவள் என்றே அவளைக் கும்பிடுகிறார்கள். சேலம், தர்மபுரிப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக்கூத்து விடிய விடிய நடந்து, கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை வீழ்த்துவதோடு முடியும். மண்ணில் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். திருவிழாவில் சண்டை பார்க்கும் பழக்கம் சினிமாவுக்கு மிகமிக மூத்தது. சினிமா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆகவே சண்டைப் படம் நம் பண்டிகைக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1987இலிருந்து 1995 வரையான தீபாவளிகளைப் பார்த்தால் இந்த வகை எவ்வளவு அகலம் கொள்ளும் என்று தெரியும். 1987 அக்டோபர் 21 அன்று ‘நாயகன்’, ‘மனிதன்’ இரண்டும் வந்தன. ஒன்று பம்பாய் நிழலுலகத்தின் ரத்தமும் கண்ணீரும், மற்றது ரஜினியின் அடிதடி. 1991இல் ‘தளபதி’யோடு ‘குணா’. 1992இல் ‘தேவர் மகன்’. அரிவாள் வேண்டாம் என்று மன்றாடிய மகன் கடைசியில் அரிவாளைத் தூக்கிவிட்டுச் சிறைக்குப் போகும் கதை. அதைவிடச் சோகமான தீபாவளிப் படம் எது? 1995 அக்டோபர் 23 அன்று ரஜினியின் ‘முத்து’வும் கமலின் ‘குருதிப்புனல்’ படமும் மோதின. ‘குருதிப்புனல்’ படத்தில் பாட்டே கிடையாது, சிரிக்க ஓர் இடம் கிடையாது. காவல்துறைக்கும் தீவிரவாதக் குழுவுக்கும் இடையே நடக்கும் கொடுமையான யுத்தம். புதுத்துணியோடு குடும்பமாகப் போன மக்கள் அதைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். தீபாவளிக்கு வருவதாலேயே ஒரு படம் மலிவானது என்று பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2019இல் ‘பிகில்’ சிறப்புக் காட்சி தாமதமானதற்காகக் கிருஷ்ணகிரியில் ரசிகர்கள் கடைவீதியையே சூறையாடினார்கள். 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் வந்த விடியற்காலையில் கொண்டாட்டத்தின்போது ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன்பின் விடியற்காலை நாலு மணிக் காட்சிக்கு அனுமதி நின்று, முதல் காட்சி ஒன்பது மணி ஆனது. அது சரியான முடிவு. ஒரு தாய்க்கு அந்தப் பொங்கல் இனி எப்போதும் பொங்கலாக இருக்காது.

அமெரிக்கர்களின் அளவிலும் நம் அளவிலும் ஒருசேரத் தேறும் படம் ஏதாவது உண்டா என்று யோசித்தால் எனக்கு ஒன்றுதான் முன்னே வருகிறது. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’. 2019 தீபாவளிக்கு, அக்டோபர் 25 அன்று, ‘பிகில்’ படத்தோடு வந்தது. முழுக்கதையும் ஒரே இரவு. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. பத்தாண்டு சிறையிலிருந்து வெளியே வந்த டில்லி, இதுவரை முகம் பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறான். வழியில் போலீஸ்காரர்கள் விஷம் கலந்த மதுவால் மயங்கிக் கிடக்க, அவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. இன்னொரு பக்கம் காவல் ஆணையர் அலுவலகத்தைக் கும்பல் முற்றுகையிடுகிறது. உள்ளே ஒரு சாதாரணக் காவலரும் சில கல்லூரிப் பிள்ளைகளும் கதவை அடைத்து நிற்கிறார்கள். ‘டை ஹார்ட்’டின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பிய ஒற்றை மனிதர், ஓர் இரவு, முற்றுகையிட்ட கட்டடம்.

அந்தக் கதை தீபாவளியைப் பற்றியது அல்ல. ஆனால் டில்லி தன்னோடு வைத்திருப்பது மகளுக்குக் கொடுக்க வேண்டிய கம்மல். நோம்பிக்கு மகளைப் பார்க்கப் போகும் எந்த அப்பன் வெறுங்கையோடு போவான்? ஆலையில் சம்பளம் வாங்கிப் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கூட்டம் பிதுங்கும் பேருந்தில் நின்றுகொண்டே ஊர் திரும்பும் எத்தனையோ அப்பன்களின் பையில் அப்படி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இரவெல்லாம் வண்டி ஓட்டி, விடியும்போது பிள்ளை முகத்தைப் பார்ப்பது என்பதுதான் இந்த நாட்டு உழைப்பாளியின் தீபாவளி. பட்டாசு, புதுத்துணி, வாழ்த்து எல்லாம் வைத்து எடுத்த எந்தப் படமும் அதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லவில்லை.

நம் அளவுகோலில் ஒரு குறை உண்டு. நாளை வைத்துப் பிறந்த படம் அந்த ஆண்டோடு நாளைத் தொலைத்துவிடுகிறது. ‘டை ஹார்ட்’ டிசம்பர்தோறும் திரும்பி வருகிறது. ‘நாயகன்’ தீபாவளிதோறும் வருவதில்லை. 2020 நவம்பரில் தொற்றுக்காலம் நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது ‘சூரரைப் போற்று’, ‘மூக்குத்தி அம்மன்’ இரண்டும் தீபாவளிக்கு நேராகக் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தன. அடுத்த ஆண்டு ‘ஜெய் பீம்’ அதே வழியில் வந்தது. தீபாவளிப் படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் வந்த படத்தை ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை. இப்போது பழைய படங்களைக் கொட்டகையில் மறுவெளியீடு செய்கிறார்கள், நல்ல கூட்டம் வருகிறது. ஆனால் ‘நாயகன்’ திரும்பி வந்தது கமலின் பிறந்தநாளையொட்டி. ‘தளபதி’ 2024 டிசம்பர் 12 அன்று ரஜினியின் பிறந்தநாளுக்கு வந்தது. இரண்டுக்கும் சொந்தமான நாள் தீபாவளி. அந்த நாள் நடிகருக்கு உரியதல்ல. போனஸ் வாங்கி, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பேருந்து பிடித்து வந்த மக்களுக்கு உரியது. அதை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சேலம் ஏரியாவில் யாராவது ஒரு திரையரங்கக்காரர் இதைத் தொடங்கலாம். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்தின நாள், இரண்டாம் ஆட்டமாக ‘கைதி’. படம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேச்சேரிக்காரர்கள் ஆட்டம் விட்டு வீடு வந்துசேர்ந்தால் அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருக்கும், எண்ணெய் தேய்க்க நேரம் சரியாக இருக்கும்.